கோது

டயர்க்கடைக் கொம்பிரசரிலிருந்து
சுவர்த் துளை வழியே என் மேசைக்கு வருகிறது காற்று.
மாதம் இரண்டாயிரம் ரூபாய்,
பளீலின் வாப்பாவுக்கு மேற்பல் வரிசை ஒன்று இலவசம்.
அதுதான் ஒப்பந்தம்.
லொறி வந்தால் காற்று அவர்களுக்கு.
முனையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பேன்.

கல்முனையில் பல் கட்டுகிறவளிடம்
கல்லைக் கொண்டுவந்து வைத்தான் நஸ்மிர்.
மொரோக்கோவில் கப்பல் நின்ற ஒரு பகலில்
பேரம் பேசி வாங்கியதாம்.
முகம் வெளியே, முதுகில் பாதி கல்லுக்குள்.
ட்ரைலோபைட் என்று கடதாசியில் எழுதி வைத்திருந்தான்.
"பல்லு உரசுற மாதிரி மெல்லமா உரசித் தாங்க.
பதினஞ்சாந் திகதி எனக்குக் கப்பல்."

காற்றுப் பேனாவை
பேனா போலத்தான் பிடிக்க வேண்டும்,
எழுதக் கூடாது.
ஊசி எத்தனை தரம் குத்துகிறதென்று கண்ணுக்குத் தெரியாது,
விரல் மட்டும் விறைக்கும்.
கல்லும் ஓடும் ஒன்றையொன்று விட நினைக்கும்
அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால்
செதில் தானாக எழும்பும்.
எழும்பாத இடத்தில்
அப்பச்சோடாவைக் காற்றில் கலந்து ஊதினேன்.
மேசை, இமை, தேநீர், எல்லாம் வெள்ளை.

மூன்று கடைவாய்ப் பற்களின் நீளம்.
பத்து வளையம்.
நாலாம் இரவில் ஆறாம் வளையத்தின் ஓரம் தெறித்துப் போனது.
ரோர்ச் லைட்டோடு முழங்காலில் நின்று
தரை முழுக்கத் தேடினேன்.
செருப்பு வாருக்குள் இருந்தது.
ஒட்டினேன். இதை நஸ்மிருக்குச் சொல்லவில்லை.

பிறகு முகம்.
கல்லில் கிர்ரென்ற ஊசி
கன்னத்தில் ம்ம் என்றது.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
இருபது வருடமாக நான் விற்கிற சத்தம்.
வில்லைக்கடியில் குமிழிகள்.
கண்ணில் குண்டூசியால் குத்திய புள்ளி வரிசைகள்.
இடக்கண்ணின் மூன்றாம் வரிசை கோணல்.
தும்மியிருப்பான்.
அல்லது அவனுக்கும் கரண்ட் போயிருக்கும்.

நிறம் சரியாகத்தான் கலந்திருக்கிறான், பாவி.

இரண்டு கன்னங்களையும் கழற்றினேன்.
அடியில் முறிவு இல்லை.
தையல் பிரித்த மாதிரி நேரான விளிம்பு.
கன்னம் போன இடத்தோடு கண்ணும் போயிருக்கிறது.

எங்கள் பக்கத்தில்
மண்ணுக்குள்ளிருந்து எது வந்தாலும்
முதலில் ஆள் யாரென்றுதான் தேடுவோம்.
ஒருமுறை பொலிஸ்காரர்
ஒரு மேற்பல் தட்டைப் பொலித்தீனில் கொண்டுவந்து
உங்கட வேலையா என்று கேட்டார்.
இல்லை என்றேன். உண்மையில் இல்லை.
இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில்
நண்டு பொறுக்கி எடுக்கும்போது
கூடைக்குள் ஒன்று பாரமில்லாமல் வந்தது.
கால், கொடுக்கு, கண்குழி எல்லாம் இருந்தது.
"அது வெறுங் கோதுகா," என்றாள் பூரணவதி,
"ஆள் கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டார்."
எட்டி ஆற்றுக்குள் எறிந்தாள்.

வீட்டுக்கு வரவில்லை, நேரே கடைக்கு வந்தேன்.
வில்லையை இழுத்தேன்.

நெற்றியோரம் இரண்டு தையலையும் அவிழ்த்து
கன்னங்களைக் கண்ணோடு கழற்றி எறிந்து
முன்பக்கமாக ஊர்ந்து போயிருக்கிறது.
இந்தக் கல்லில் யாரும் சாகவில்லை.
மெத்தென்ற உடம்போடு
வேறெங்கோ போய்ப் புதுக் கண் வளர்த்திருக்கும்.

நஸ்மிர் வந்தான்.
"முகம் எங்க?"
நெருப்புப் பெட்டியை நீட்டினேன்.
"இது அவன்ட. இது அதுட.
வேணுமெண்டா ஒட்டித் தரலாம்."
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.
"அப்ப இது மௌத்தாகல்லயா?"
"உடுப்பு மாத்தியிருக்கு."
கன நேரம் சிரித்தான்.
கல்லை மட்டும் சாரத்தில் சுற்றிக்கொண்டான்.
காற்றுக்கு ஐந்நூறு வாங்கினேன்.

நெருப்புப் பெட்டி
பல் நிற மாதிரிகளோடு லாச்சிக்குள் கிடக்கிறது.
வலக்கன்னத்தின் உட்புறத்தில்
முழுசாக ஒரு பெருவிரல் ரேகை,
நடுவே வெட்டுக்காயத் தழும்பு.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
எனக்குத் தழும்பு இடது கையில்.

பளீல் சுவரில் தட்டுகிறான்.
லொறி.